அம்மா தூங்கிய நாள்

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் இப்போதெல்லாம் கிறிஸ்மஸுக்குப் பொருள் எதுவும் கொடுப்பதில்லை. அனுபவம் கொடுக்கிறார்கள். போன டிசம்பரில் எனக்குக் கிடைத்த அனுபவம் பானை வனையும் வகுப்பு. நான் வனைந்தது பானையா தட்டா என்று சொல்லிக்கொடுத்தவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "சாமான் தேய்ந்துபோகும், நினைவு தேயாது" என்று மேலாளர் ஏதோ தானே கண்டுபிடித்தது போல விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை இந்த வேலையை நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே செய்துவிட்டாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. பக்கத்தில் நாசரேத் என்கிற ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் புத்தாண்டு ஆராதனை முடிந்த பிறகுதான் ஊர் திரும்புவாள். வரும்போது ஆளுக்கொரு பரிசு கொண்டுவருவாள். எல்லாம் உபயோகமான பரிசு. எவர்சில்வர் டப்பா, துண்டு, வேதாகமத்துக்கு ரெக்சின் உறை. உபயோகமான பரிசைப் போலக் குழந்தைகளை நோகடிக்கிற பொருள் உலகத்தில் வேறு கிடையாது.

ஒரு வருஷம் அவள் அம்மாவுக்கு ஒரு பிளாஸ்க் கொடுத்தாள். வீட்டில் ஏற்கெனவே பிளாஸ்க் இருந்ததால் அம்மா அதை உறை பிரிக்காமல் ஏரலில் ஒரு புதுமனை பிரதிஷ்டைக்குக் கொடுத்துவிட்டாள். ஏரல்காரர்கள் அதை ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்தார்கள் போலிருக்கிறது. அப்படியே ஊர் ஊராகச் சுற்றிய அந்த பிளாஸ்க், கடைசியில் நாசரேத்தில் அத்தைக்கு நடந்த பாராட்டு விழாவில் அவளுக்கே பரிசாக வந்து சேர்ந்தது. டப்பாவின் அடியில் அத்தை தன் கையால் எழுதிய வேத வசனம் அழியாமல் இருந்தது. அடுத்த கிறிஸ்மஸுக்கு வந்தவள் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து எங்கள் மேஜைமேல் வைத்தாள்.

"இது தனியாவே நடந்து வந்துச்சு" என்றாள்.

அம்மா அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அன்று சாயங்காலமே அத்தை அறிவித்துவிட்டாள். "இனிமே சாமான் கிடையாது. ஆளுக்கு ஒரு ஆசை சொல்லுங்க. இந்த ஊருக்குள்ள எங்கன போணும்னாலும் ஒரு நாள் போய்ட்டு வருவோம். செலவு என்னுது. அதை யாருக்கும் தூக்கிக் குடுக்க முடியாதுல்லா?"

அண்ணனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வள்ளத்தில் ஏறிக் கடலுக்குள் போக வேண்டும் என்றான். நான் மக்ரூன் கேட்டேன். வாங்கித் தின்பது மட்டும் போதாது, அடுப்பிலிருந்து அது வெளியே வருவதைப் பார்க்க வேண்டும் என்றேன். எங்கே போனாலும் மத்தியானம் கொஞ்சம் தலைசாய்க்க இடம் இருந்தால் போதும் என்றார் அப்பா. கடைசியாக அத்தை அம்மாவைக் கேட்டாள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நாத்தனாரிடம் சொன்னாள்.

"நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க மைனி. நான் ஒரு நாள் வீட்ல இருக்கேன். அதுதான் எனக்கு வேணும்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உடம்புக்கு முடியலையா?" என்றார் அப்பா.

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப எதுக்குக் கோவம்?"

"கோவம்னு யார் சொன்னா?"

"எங்களைப் பிடிக்கலியாம்மா?" என்று அண்ணன் நேராகக் கேட்டேவிட்டான். எனக்கும் அந்தச் சந்தேகம்தான். அம்மா அவன் தலையில் லேசாகத் தட்டிவிட்டுச் சிரித்தாளே தவிர, பிடிக்கும் என்று உடனே சொல்லவில்லை. அது என்னை வாட்டியது.

அம்மா வேலைக்குப் போகவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். சம்பளம் வாங்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். கிறிஸ்மஸ் மாதம் பிறந்துவிட்டால் அதிரசம், முறுக்கு, முந்திரிக்கொத்து என்று தெருவுக்கே கொடுத்தனுப்பும் அளவுக்குச் சுடுவாள். கீதம் பாடிக்கொண்டு வீடு வீடாக வரும் கோவில் கூட்டத்துக்குத் தேநீர் போடுவாள். வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருப்பார்கள். பண்டிகைச் சேலையைக் கோவிலுக்கு உடுத்திப் போய் வந்ததும் மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனால், பண்டிகை முடிந்துவிட்டது என்று யாராவது வந்து சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். இதெல்லாம் இப்போது எழுதும்போது வரிசையாகத் தோன்றுகிறது. அப்போது அம்மா என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"கேளுங்கன்னு சொன்னது நான்" என்றாள் அத்தை. "அவ கேட்டுட்டா. குடுத்துதான் ஆகணும். சாயங்கால ஜெபத்துக்கு முன்னால ஒருத்தரும் வாசப்படி மிதிக்கக் கூடாது. போன் பண்ணவும் கூடாது."

அம்மாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. "கட்டுச்சோறும் கட்ட மாட்டேன் மைனி" என்றாள்.

"எல்லாம் சரி, தனியா இருந்து என்ன பண்ணுவ?" என்று அப்பா விடாமல் கேட்டார்.

"தூங்குவேன்."

அப்பாவின் முகம் தெளிந்தது. தூக்கம் அவருக்குப் புரியும் விஷயம்.

கிறிஸ்மஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் ஒரு நாளைக் குறித்தார்கள். அன்று காலையில் நாங்கள் கிளம்பியது லேசில் நடக்கவில்லை. தெருமுனை வரை போன அப்பா கைக்குட்டையை மறந்துவிட்டேன் என்று திரும்பினார். அதை எடுத்துக்கொண்டு வந்தவர் மறுபடியும் மூக்குக்கண்ணாடிக்காகத் திரும்பினார். மூன்றாவதாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது அத்தை அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, அவ காணாமப் போயிர மாட்டா. நட" என்றாள். பின்னால் எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அம்மா அவ்வளவு வேகமாகக் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

முதலில் அண்ணனின் கடல். அப்பா துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்தார். எந்தக் கப்பல் எந்த நாட்டிலிருந்து என்ன ஏற்றிக்கொண்டு வருகிறது என்று சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு வாசிப்பார். அவருடைய அலுவலகக் காவலாளியின் சித்தப்பாவுக்குத் திரேஸ்புரத்தில் சொந்த வள்ளம் இருந்தது. எப்ப வேணும்னாலும் வாங்க சார் என்று அந்தக் காவலாளி என்றைக்கோ சொன்னதை நம்பி, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

திரேஸ்புரம் கரை முழுக்க வள்ளங்கள் மணலில் ஏறி நின்றன. பலவற்றுக்குப் புதுச் சாயம் அடித்திருந்தது. வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம். கடலில் ஒரு வள்ளமும் இல்லை. சித்தப்பா புதுச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வரவேற்றார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"கிறிஸ்மஸ் பிறந்தா வருசம் பிறக்கிற வரைக்கும் நாங்க கடலுக்குப் போறதில்ல சார். வருசப் பிறப்புப் பூசை முடியணும். தூத்துக்குடியில இருந்துக்கிட்டு இது தெரியாதா?"

தெரியாதுதான். நாங்களும் கிறிஸ்தவர்கள், அவர்களும் கிறிஸ்தவர்கள். ஆனால் நாங்கள் நாசரேத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவந்த, கடலோடு பழக்கமில்லாத மேட்டுநிலக் கிறிஸ்தவர்கள். எங்களுக்குப் பண்டிகை முடிந்த மறுநாள் வேலைநாள். கப்பல் கரை சேரும் நேரம் வரைக்கும் மனப்பாடமாகச் சொல்லும் அப்பா, வள்ளங்கள் அந்த ஒரு வாரமும் கரையிலேயே கிடக்கும் என்பதைக் கேள்விப்பட்டதே இல்லை. அண்ணனின் உதடு துடிக்க ஆரம்பித்தது.

"அப்ப வீட்டுக்குப் போயிருவோம்" என்றார் அப்பா. அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது.

"போகக் கூடாது" என்றாள் அத்தை.

அந்த நிமிஷத்திலிருந்து அன்றைய நாள் முழுவதும் இவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் நடந்த இழுபறிதான். எங்களை வீட்டுக்குத் திருப்ப அப்பாவுக்கு ஆயிரம் காரணம் கிடைத்தது. அம்மாவுக்குக் கொடுத்த நாளில் ஒரு நாழிகைகூடக் குறையக் கூடாது என்பது அத்தையின் வைராக்கியம். பிளாஸ்க் விஷயத்தில் பட்ட அடியோ என்னவோ, இந்தப் பரிசாவது கொடுத்தபடி முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்று உறுதியாக இருந்தாள். நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு மக்ரூனும் வேண்டும், அம்மாவும் வேண்டும்.

சித்தப்பா நல்ல மனுஷர். அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு எங்களைத் தன் வள்ளத்துக்குள் ஏற்றி உட்காரவைத்தார். மணலில் நிற்கும் வள்ளம்தான். ஆனாலும் அண்ணனைப் பின்பக்கம் நிறுத்திச் சுக்கானைப் பிடிக்கச் சொன்னார். வாடைக்காற்று அடித்த வேகத்தில் கண்ணை மூடிக்கொண்டால் கடலுக்குள் போவது போலவே இருந்தது. அவர் வீட்டம்மா தட்டு நிறைய கேக் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை வள்ளத்தின் நடுவில் குடையை விரித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி, நிஜமாகவே பயணம் போகிறவளாக உட்கார்ந்திருந்தாள். அண்ணன் இலங்கை தெரிகிறது என்று கத்தினான். அன்றைக்கு அவன் பார்த்த இலங்கையை இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து மக்ரூன் கடைக்கு வந்தோம். அடுப்பறைக்குள் விட முடியாது என்று முதலில் சொன்னவர்கள், அத்தை டீச்சர் குரலில் பேசியதும் விட்டுவிட்டார்கள். முட்டையின் வெள்ளைக்கரு நுரைத்து மலைபோல எழுந்து நிற்பதையும், முந்திரிப்பொடி கலந்து அதைத் தட்டில் கூம்பு கூம்பாகப் பிழிவதையும் பார்த்தேன். அடுப்பிலிருந்து வந்த சூடான மக்ரூன் ஒன்று என் கையில் கிடைத்தது. அது கடையில் விற்பது போல மொறுமொறுப்பாக இல்லை, பிசுபிசுவென்று ஒட்டியது. ஆறினால்தான் மக்ரூன் ஆகுமாம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் வெளியே சொல்லவில்லை.

பிரியாணி சாப்பிட்டு வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அப்பா கொட்டாவி விட ஆரம்பித்தார். மத்தியானம் படுக்காவிட்டால் அவருக்கு உலகமே பகையாகிவிடும்.

"அக்கா, வீட்டுக்குப் போவோம். அவதான் தூங்குதாளே. நானும் ஒரு ஓரமாப் படுத்துக்கிடுதேன். சத்தமே காட்ட மாட்டேன்."

"உள்ள போனா நீ காப்பி கேப்ப."

"கேக்க மாட்டேன்."

"இருமுவ. அவ எந்திச்சுப் போடுவா. உன்னைப் பிறந்ததுல இருந்து பாக்கேன்லே."

அப்பா நடைபாதையிலேயே நின்றுவிட்டார். நான் வரமாட்டேன் என்கிற மாதிரி ஒரு நிற்பு. ஒரு சமாதானம் ஏற்பட்டது. பக்கத்துத் தெருவில் ஏசி வைத்த ஒரு ஐஸ்கிரீம் கடை புதிதாகத் திறந்திருந்தார்கள். அங்கே குளிர்ச்சியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மேற்கொண்டு யோசிப்பது என்று முடிவாயிற்று. ஐஸ்கிரீம் என்றதும் நான் அவர்களை விட்டுவிட்டு முன்னால் ஓடினேன். கடையின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உள்ளே பார்த்தேன்.

உள்ளே அம்மா உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷத்துக் கிறிஸ்மஸ் சேலை. தலையில் பிச்சிப்பூ. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை நாற்காலியின் மேல் மடித்து வைத்திருந்தாள். முன்னால் உயரமான கண்ணாடித் தம்ளரில் ஃபலூடா. நீளமான கரண்டியை அடிவரைக்கும் விட்டு, சேமியாவும் பழமும் ஒன்றாக வரும்படி எடுத்து, வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவளோடு யாரும் வரவில்லை. அவளுக்கு அவசரமும் இல்லை. வீட்டில் ஐஸ்கிரீம் வாங்கினால் எங்கள் மூடிகளில் ஒட்டியிருப்பதை வழித்துவிட்டு எனக்குப் போதும் என்பவள் இவள்தானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

அம்மா எழுந்திருக்கவில்லை, கூப்பிடவில்லை. கரண்டியைப் பிடித்தபடி தலையை மட்டும் வேண்டாம் என்று மிக மெதுவாக ஆட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் என் முகத்தில் இருப்பது அதுதான். தூங்குகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்து ஃபலூடா சாப்பிட்டாள் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியும். அப்பா மூக்கால் அழுவார். அத்தை திட்டமாட்டாள், ஆனால் நாசரேத்திலிருந்து சாத்தான்குளம் வரைக்கும் இருக்கிற எல்லா உறவுக்காரர்களுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதன்பிறகு அம்மா சாகிற வரைக்கும் ஃபலூடாக்காரிதான்.

அப்பாவும் அத்தையும் அண்ணனும் நெருங்கி வந்துவிட்டார்கள். அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கடைக் கதவைப் பார்த்தபடி வேகமாக வந்தார். வயிற்றுவலி என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் நேரே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் அம்மா இல்லை. வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, நாம கோயிலுக்குப் போவோம். எனக்கு ஜெபம் பண்ணணும் போல இருக்கு."

எங்கள் பக்கத்தில் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். அத்தை அப்படியே நின்றுவிட்டாள்.

"இப்பவா?" என்றார் அப்பா, பாவம். "ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டுப் போவோமே."

"இவளுக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு" என்றான் அண்ணன்.

அத்தையின் கண் கலங்கிவிட்டது. "ஏலே, பிள்ளை ஜெபம் பண்ணணும்னு சொல்லுதா. நீ ஐஸ்கிரீம் ஐஸ்கிரீம்னு நிக்க. அசிங்கமா இல்ல? நீ வாளா, எந்தங்கம்." எங்கள் குடும்பத்தில் எந்த ஆசைக்கும் மறுப்புச் சொல்லலாம், ஜெபத்துக்கு மட்டும் முடியாது. கதவுக்குப் பத்தடி தூரத்திலிருந்து எல்லோரும் திரும்பினோம். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கோவிலுக்குள் குளுமையாக இருந்தது. கிறிஸ்மஸ் ஜோடனை இன்னும் கழற்றாமல் தொங்கியது. அத்தை முழங்காலில் நின்று வாய்விட்டு ஜெபிக்கத் தொடங்கினாள். சொந்தபந்தம் ஒவ்வொருவருக்காகவும், புதுக்கோட்டையில் காலை உடைத்துக்கொண்ட ஒரு மாமாவுக்காகவும், கரையில் நிற்கும் வள்ளங்களுக்காகவும் வேண்டினாள். "வீட்டிலே தனியாகத் தூங்குகிற எங்கள் பிள்ளையின் நித்திரையைக் காத்தருளும் ஆண்டவரே" என்றும் வேண்டினாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஐஸ்கிரீம் உருகுவதற்குள் அம்மா சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்று வேண்டினேன். அப்பா மின்விசிறிக்கு நேரே இருந்த பெஞ்சில் சாய்ந்து, ஆமென் சொல்லாமலேயே தூங்கிப்போனார். நல்ல தூக்கம். ஆளுக்கொரு ஆசை என்று அத்தை சொன்னதில் அவருடைய பங்கும் இப்படியாக நிறைவேறியது.

வெயில் தாழ்ந்து நாங்கள் வீட்டுக்குப் போனபோது அம்மா பழைய சேலையில், கலைந்த தலையோடு, கொட்டாவி விட்டபடி கதவைத் திறந்தாள்.

"நல்லாத் தூங்கினியா?" என்றாள் அத்தை.

"ஆமா மைனி. இப்பதான் முழிச்சேன்."

பொய் சொன்னால் என் தொடையைத் திருகுகிற அம்மா இவ்வளவு அழகாகப் பொய் சொன்னதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். அத்தை பெருமையோடு எல்லோரையும் பார்த்தாள். தான் கொடுத்த பரிசு இந்த முறை வேறு எங்கும் போகவில்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு திருப்தி. அம்மா காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். என்னிடம் தம்ளரைக் கொடுக்கும்போது என் கன்னத்தைத் தொட்டாள். அவள் விரல் சில்லென்று இருந்ததாக எனக்குத் தோன்றியது. அன்று ராத்திரி படுக்கும் வரைக்கும் அவள் ஒருவரையும் அதட்டவில்லை. நான் சந்தோஷத்தில் மிதந்தேன். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் அதற்கு முன் இருந்ததில்லை.

ஆனால் அந்த விஷயம் என்னவென்று நான் புரிந்துகொண்டது வேறு. அம்மா டவுனுக்குள் போவதென்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தெரியும். யாருக்காவது ஏதாவது வாங்குவதற்குத்தான் போவாள். அத்தை இந்த வருஷம் சாமான் தரவில்லை, அதனால் எனக்குத் தெரியாமல் எனக்கொரு பரிசு வாங்கப் போயிருக்கிறாள், களைப்புக்கு ஒரு ஃபலூடா சாப்பிட்டிருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன். நான் பார்த்துவிட்டால் ரகசியம் உடைந்துவிடும் என்றுதான் அவள் அப்படிப் பயந்திருக்கிறாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அலமாரியைத் தேடினேன். அரிசி டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினேன். புத்தாண்டு வந்தது, அத்தை ஊருக்குப் போனாள், பள்ளிக்கூடம் திறந்தது. பரிசு மட்டும் வரவில்லை.

கடைசியில் பொறுக்க முடியாமல் ஒருநாள், அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது காதுக்குள் கேட்டேன். "அம்மா, அன்னைக்குக் கடைக்குப் போனேல்லா, எனக்கு என்ன வாங்கின?"

அம்மா மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று தெரியாதபடி ஒரு பார்வை. பிறகு, "சொன்னாப் பரிசா அது? பொறு" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது என் தலையணைக்கு அடியில் ஒரு முத்துமாலை இருந்தது. பிளாஸ்டிக் முத்துதான், ஆனால் பளபளவென்று மின்னியது. எப்படிக் கண்டுபிடித்தேன் பார் என்று நான் குதித்தேன். "உன்கிட்ட எதையும் மறைக்க முடியாது" என்றாள் அம்மா. அந்த மாலை அன்று காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையில் தொங்கியதைப் பார்த்திருந்தேன். சாயங்காலம் வரும்போது அந்த ஆணி காலியாக இருந்ததையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது எனக்குத் தெரியவில்லை. மாலையைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினேன். அம்மா அன்று வெளியே போனதே எனக்காகத்தான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்ல வாய் துடித்தது. சொல்லாமல் இருந்ததற்காக என்னையே மெச்சிக்கொண்டேன்.